எங்களிடம் வந்து கேளுங்கள்: எல்லைக் காட்டில் ரேடியோ சுமந்தவனின் திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சில் முன்னாள் வீரர்களின் காரியங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும், தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம். நான் தைப்பிங்கில் இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1974-ல் பத்தொன்பது வயதில் மலேசிய இராணுவத்தின் ரேஞ்சர் பட்டாளத்தில் சேர்ந்தேன், பத்து வருடம் சிப்பாயாக இருந்தேன், அந்தப் பத்தில் பெரும்பகுதி பேராக், கெடா, கிளந்தான் மாநிலங்களின் வடக்கே தாய்லாந்து எல்லையை ஒட்டிய காடுகளில் போனது. என் வேலை ரேடியோ. துப்பாக்கியோடு செட்டையும், அதற்கு மாற்று பேட்டரியையும் முதுகில் சுமந்துகொண்டு அதிகாரிக்கு இரண்டடி பின்னால் நடப்பவன் நான்தான்.

இந்த மடலை மலாயிலும் எழுதித் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

முதலில், இதைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கொம்னிஸ்ட் காலம் என்றால் எல்லாரும் 1948-ல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அவசரகாலத்தையும், 1955-ல் பாலிங்கில் அப்போது முதலமைச்சராக இருந்த துங்குவும் கொம்னிஸ்ட் தலைவர் சின் பெங்கும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதையும் சொல்வார்கள். 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது, அதோடு சரி என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. கொம்னிஸ்ட்காரர்கள் எல்லையைத் தாண்டித் தாய்லாந்தின் பெத்தோங் பக்கத்துக் காடுகளில் தங்கி, ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 1968 ஜூன் 17 அன்று குரோ–பெத்தோங் சாலையில் பதுங்கியிருந்து பாதுகாப்புப் படையினர் 17 பேரைக் கொன்றார்கள். குரோ என்றால் இன்றைய பெங்காலான் ஹுலு. அங்கே ஆரம்பித்த இரண்டாவது சண்டை 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட் யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஓடியது. இருபத்தொரு வருடம். முதல் சண்டை பன்னிரண்டு வருடம்தான். ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதலாவதற்குப் பல பக்கம், எங்களுடையதற்குச் சில வரி.

அந்தச் சில வரிகளிலும் பெரும்பாலும் பட்டணத்தில் நடந்ததுதான் வரும். 1974-ல் போலீஸ் படைத் தலைவர் கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டது, 1975-ல் தேசிய நினைவுச் சின்னத்தில் குண்டு வைத்தது. அதெல்லாம் நடந்தது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் வருடம் முழுக்க யார் நடந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

எப்படி நடந்தோம் என்று சொல்கிறேன். ஒரு ஆபரேஷன் என்றால் மூன்று வாரம், ஒரு மாதம். ஒரு மணி நேரத்தில் முந்நூறு மீட்டர் போனால் நல்ல நடை. மூங்கில் காடு வந்தால் அதுவும் கிடையாது. முன்னால் போகிறவன் ஒரு அடி வைப்பான், பார்ப்பான், அடுத்த அடி வைப்பான். மேலே இலை அவ்வளவு அடர்த்தி, மதியம் பன்னிரண்டு மணிக்கும் சாயங்காலம் மாதிரி இருக்கும். அட்டை பூட்ஸ் கயிற்று ஓட்டை வழியாக உள்ளே போய்விடும், இரவில் பூட்ஸைக் கழற்றும்போது காலுறை இரத்தத்தில் ஒட்டியிருக்கும். பகலில் உடம்பில் காய்ந்த துணி இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இரவுக்கு என்று ஒரு செட் உலர்ந்த உடை பிளாஸ்டிக் பையில் இருக்கும், விடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு நேற்றைய ஈரச் சட்டையையே மறுபடியும் போட வேண்டும். காட்டு வாழ்க்கையில் எது கஷ்டம் என்று பேரன் கேட்டால் இதைத்தான் சொல்வேன், குண்டுச் சத்தத்தைச் சொல்ல மாட்டேன். காலை ஐந்தரை மணிக்கு அந்த ஈரச் சட்டைக்குள் கையை நுழைப்பதுதான்.

சாயங்காலம் நடை நின்றதும் மற்றவர்கள் பாஷா கட்டுவார்கள், மேலே ஒரு ரப்பர் விரிப்பு, கீழே இரண்டு பேர் படுக்க இடம், அவ்வளவுதான். நான் ஏரியல் கம்பியை மரத்தில் ஏற்ற வேண்டும். கம்பி நுனியில் கட்டையைக் கட்டி உயரமான கிளையைப் பார்த்து வீசுவேன், இரண்டு மூன்று தடவை தவறும், சத்தம் போடக் கூடாது, திட்டவும் கூடாது. அப்புறம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முகாமைத் தேடுவேன். இரைச்சலுக்கு நடுவே எங்கேயோ தொலைவில் ஒரு குரல் நம்முடைய அடையாளப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பாருங்கள், அந்த நிம்மதியை வேறு எந்த வேலையிலும் நான் அனுபவித்ததில்லை.

நான் அனுப்பும் செய்தியில் நாலே விஷயம்தான் இருக்கும். எத்தனை மணி, எந்த இடம், என்ன நடந்தது, என்ன வேண்டும். இடம் எண்ணாகப் போகும். ஆள் பெயர் போகாது. அந்தப் பக்கம் முகாமில் இருப்பவர் அதை அப்படியே லாக் புத்தகத்தில் எழுதுவார். உங்கள் அலமாரிகளில் இன்றைக்கு எங்கள் போரைப் பற்றி ஏதாவது காகிதம் இருக்கிறது என்றால், அதில் பெரும்பாலானவை என்னைப் போன்ற ரேடியோ சிப்பாய்கள் இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொன்ன நாலு விஷயங்கள்தான். அதனால்தான் இதை எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் செய்திகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என்ன இல்லை என்பதும் தெரியும்.

ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதி, ஒரு நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. அந்த நாட்களில் எங்களுக்குத் துப்பாக்கிச் சண்டையைவிட ஜெராங்காப் சாமார் மீதுதான் பயம். தரையில் புதைத்து இலையால் மூடிய வெடிப்பொறி. கொம்னிஸ்ட்காரர்கள் கையாலேயே செய்தது, ஆளைக் கொல்லும் அளவுக்கு மருந்து பெரும்பாலும் இருக்காது, பாதத்தை எடுக்கும் அளவுக்கு இருக்கும். ஒருவன் காலை இழந்தால் அவனைத் தூக்க நாலு பேர், காவலுக்கு நாலு பேர், ஹெலிகாப்டர் இறங்க மரம் வெட்ட நாலு பேர், அத்தோடு அந்தப் பிளாட்டூனின் ஆபரேஷன் நின்றுவிடும். அவர்களின் கணக்கு அதுதான், சரியான கணக்கும்கூட.

அன்றைக்கு மிதித்தது என் கூட்டாளி. எங்கள் பிளாட்டூனில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். ரேஞ்சர் பட்டாளம் எல்லா இனத்தவரும் இருந்த பட்டாளம், சரவாக்கிலிருந்து வந்த இபான்காரர்கள் நிறைய, மலாய்க்காரர்கள், சில சீனர்கள், நாங்கள். பட்டாளத்தின் வாசகமே இபான் மொழிதான்: அகி இடுப், அகி ஙெலாபான், உயிர் இருக்கும்வரை எதிர்த்து நிற்போம். காட்டில் அடித்தடம் பார்ப்பதில் இபான்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது, முறிந்த ஒரு புல்லை வைத்து எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சுமையோடு போனார்களா என்று சொல்வார்கள். அவர்களே முன்னால் போயும் அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. ஐந்து பேர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆறாவதாகப் போனவன் அவன்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை, குடும்பத்தார் அனுமதியில்லாமல் எழுதக் கூடாது.

நான் அனுப்பிய செய்தி: மணி 1510. இடம் எண்கள். ஜெராங்காப் சாமார். ஒருவர் காயம், இடது கால். நூரி ஹெலிகாப்டர் தேவை. பதில் வந்தது: மேகம் இறங்கியிருக்கிறது, வர முடியாது, காத்திருக்கவும். ஹெலிகாப்டர்காரர்களைக் குறை சொல்லவே மாட்டேன். 1976 ஏப்ரலில் கெடாவின் குபிர் காட்டில் ஒரு நூரியைச் சுட்டு வீழ்த்தியதில் அதிலிருந்த 11 பேரும் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகும் அவர்கள் எங்களுக்காக மரங்களின் நடுவே ஒரு சின்ன ஓட்டையில் இறங்கி வந்தவர்கள். அன்றைக்கு மலையே கண்ணுக்குத் தெரியவில்லை, எப்படி வருவார்கள்?

மெடிக் காலைக் கட்டி ஊசி போட்டார். மெடிக் மலாய்க்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இவனைத் தூங்க விடாதே, உங்கள் மொழியில் பேசிக்கொண்டே இரு. பேசலாம், ஆனால் குசுகுசுவென்று, அவர்கள் எத்தனை தூரத்தில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தீக்குச்சி கொளுத்த முடியாது. மழை. ஒரு காதில் ஹெட்செட், இன்னொரு காது அவன் வாய்ப்பக்கம்.

என்ன பேசுவது? இருபத்திரண்டு வயதுக்காரனிடம் கால் போன இரவில் என்ன பேசுவது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டேய், உன் தோட்டத்தைக் காட்டுடா என்றேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முதல் வீட்டிலிருந்து ஆரம்பி, யார் வீடு, அடுத்தது யார் வீடு. அவன் ஆரம்பித்தான். முதல் வீடு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீடு, வாசலில் ஜம்பு மரம், பழத்தைப் பறித்தால் அடிப்பார். இரண்டாவது வீட்டில் ஆயா, இவனையும் வளர்த்தவர், ஆயாக் கொட்டகையில் இருபது பிள்ளைகளைச் சாக்குத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடுவார், என்ன பாட்டு என்று கேட்டேன், அதையும் சொன்னான். மூன்றாவது வீட்டில் கண் தெரியாத ஒரு பாட்டி, கால் சத்தத்தை வைத்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடுவாராம். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இனிமே என் சத்தம் பாட்டிக்குத் தெரியாதுல்ல என்றான். நான் அடுத்த வீடு யாருடையது என்று கேட்டேன்.

இப்படியே வரிசை வரிசையாகப் போனோம். தண்ணீர்க் குழாய், தோட்டத்துக் கடை, அங்கே யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார் மூன்று வகுப்புக்கும் பாடம் நடத்தியது, பால் கொண்டுபோய் ஊற்றும் ஸ்டோர், அம்மாவோடு இவன் கூடப்போய் ரப்பர் பால் வடியும் மங்கு துடைத்த மர நிரை, அந்த நிரையில் எந்த மரம் பால் அதிகம் கொடுக்கும், எந்த மரம் இடி விழுந்து செத்தது. நடுராத்திரிக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். திருவிழா நடத்தினோம். தப்பு அடிப்பவர் யார், கரகம் எடுப்பவர் யார், அந்த வருடம் யாருக்கும் யாருக்கும் சண்டை. குளிரில் அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு ஹெட்செட் இரைச்சலைவிடப் பெரிதாகக் கேட்டது. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தோம்.

அரை மணிக்கு ஒரு தடவை முகாமிலிருந்து கேட்பார்கள், நிலைமை என்ன. நான் சொல்வேன்: மாற்றம் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு மேகம் கொஞ்சம் விலகியது. புகைக் குண்டைப் போட்டோம், ஆரஞ்சுப் புகை மெதுவாக இலைகளுக்கு நடுவே ஏறி மேலே போனது, நூரி அதைப் பார்த்து வந்தது, அவனை மேலே இழுத்துக்கொண்டது. அவன் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, ஆனால் பிழைத்தான், கல்யாணம் செய்தான், ஒரு மகள் பிறந்தாள், ஒரு தொழிற்சாலை வாசலில் காவல்காரராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு போய்ச் சேர்ந்தான்.

ஐயா, அம்மா, அந்த இரவு பதினெட்டு மணி நேரம். உங்கள் லாக் புத்தகத்தில் அது 'மாற்றம் இல்லை' என்று இருக்கும். நான் சொன்னதுதான், பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் ஒரு முழுத் தோட்டத்தையே என் காதில் ஒருவன் சொல்லியிருக்கிறான். அந்தத் தோட்டம் இன்றைக்கு இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது, கோயிலைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நானும் இப்போது எழுதிப் பார்த்தேன். நாற்பது வீட்டுக்கு மேல் சொன்னான், எனக்கு இருபத்தாறு வீடுதான் ஞாபகம் வருகிறது. போன வருடம் எழுதியிருந்தால் இருபத்தெட்டு வந்திருக்கலாம்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று. அந்த இரவு தமிழில் நடந்தது. மலாயில் நான் நன்றாகப் பேசுவேன், பட்டாளத்தில் பத்து வருடம் பேசியது மலாய்தான், அந்த மொழியில் எனக்கு உயிர் நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து மலாயில் கேட்டால் நான் ரேடியோவில் சொன்னது மாதிரி நாலு விஷயம்தான் சொல்வேன், துவான், சாயா, துவான் (ஐயா, நான், ஐயா) என்று. ஆயா பாடிய தாலாட்டை மலாயில் எப்படிச் சொல்வது? இபான் நண்பர்களுக்கும் இதேதான். எங்களுக்கு வழிகாட்டிய, சுமை தூக்கிய, செனோய் பிராக் என்ற போலீஸ் படையிலிருந்து சண்டை போட்ட ஒராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்களுக்கும் இதேதான், அவர்கள் சொந்தக் காட்டிலேயே நடந்த போர் அது, அவர்களிடம் அவர்களுடைய மொழியில் யார் போய்க் கேட்டார்கள்?

அவன் சாவு வீட்டில் மகள் என்னிடம் வந்தாள். மாமா, அப்பா அந்தக் கதையை எங்ககிட்ட சொன்னதே இல்ல, கால் எப்படிப் போச்சுன்னு கேட்டா ஆக்சிடன்னுதான் சொல்வாரு, நீங்க சொல்லுங்க என்றாள். சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு அவள் அப்பாவின் பணிக் குறிப்பைத் தேடி ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து இன்னொரு அலுவலகம், அங்கே ஒரு பாரம், எந்த ஆபரேஷன், எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறார்கள், அது தெரிந்தால் அவள் ஏன் வரப்போகிறாள்? கடைசியில் எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை. யார் மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை, எந்த அலுவலகம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு பெண் பிள்ளை தன் அப்பாவின் கால் எந்த மலையில் கிடக்கிறது என்று கேட்கிறாள், அதற்கு இந்த நாட்டில் ஒரு கதவு இருக்க வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் கோயில் பிரயாணக் குழுவோடு பஸ்ஸில் பெத்தோங் போனேன். இப்போது அது சுற்றுலா ஊர், நம் ஆட்கள் வாரக் கடைசியில் கோழிச் சோறு சாப்பிடப் போகிறார்கள். பக்கத்தில் பியாமித் சுரங்கம் இருக்கிறது. 1976-ல் கொம்னிஸ்ட்காரர்கள் மலைக்குள் கையால் தோண்டிய ஒரு கிலோமீட்டர் சுரங்கம், அதை இன்று காசு வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். 1989-க்குப் பிறகு ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்குத் தாய்லாந்து நிலம் கொடுத்துக் கிராமங்கள் அமைத்துக் கொடுத்தது, அந்தக் கிராமங்களில் அருங்காட்சியகம், பழைய தொப்பி, பழைய தையல் இயந்திரம், சமைத்த அடுப்பு. அடுப்புப் புகை வெளியே தெரியாதபடி மண்ணுக்கடியில் நீளமாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை நாள் நாங்கள் அந்தப் புகையைத் தேடி மலை உச்சியில் உட்கார்ந்து கண் வலிக்க வலிக்கப் பார்த்திருப்போம்.

அங்கே ஒரு முதியவர் காட்டு மூலிகை விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மலாயில், அபாங் (அண்ணே), சிப்பாயா என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். மற்றவர்கள் எல்லாம் சுரங்கத்தைப் பார்க்கிறார்கள், நீங்கள் வந்ததிலிருந்து தரையைப் பார்த்து நடக்கிறீர்கள் என்றார். உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். எந்த வருடம், எந்த ஆறு, எந்த மலை என்று இருவரும் பேசினோம். ஒரு மலையின் பெயரைச் சொன்னபோது இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. வெடிப்பொறி செய்தவர்களில் அவரும் ஒருவரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் சொன்னார், எங்களிடம் மாணவர்கள் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள், உங்களிடம் யார் வருகிறார்கள்? எனக்குப் பதில் இல்லை.

அவர்கள் தலைவர்கள் வயதான காலத்தில் உட்கார்ந்து நினைவுகளைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். எழுதட்டும், அவர்கள் பக்கக் கதையும் வேண்டும். நம் தமிழர்கள் அவர்கள் பக்கமும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களின் மலாயாப் புரட்சிக் குரல் வானொலி 1969-லிருந்து 1981 வரை சீனாவிலிருந்து தமிழிலும் பேசியது, இரவில் எங்கள் தோட்டத்து லயத்திலும் சிலர் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். 1949-ல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியின் பெயர் இன்றைக்கும் நம் மக்களுக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். என் அம்மாவே அவசரகாலத்தில் பட்ட பாட்டைச் சொல்வார், ரப்பர் வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டுக்குள் யாருக்கோ கொடுத்துவிடுவார்களாம், கேட்டில் பெண்களையும் சோதனை போட்டுத்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட அம்மாவின் மகன்தான் பின்னால் அரசாங்கத்தின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அதே காட்டுக்குள் போனவன். இதில் எது சரி, எது தப்பு என்று எனக்கு அந்த வயதில் கேள்வியே வரவில்லை, மாதச் சம்பளம், மூன்று வேளை சோறு, வீட்டுக்கு மணியார்டர். பிறகு வந்தது கேள்வி. அதையும் யாராவது கேட்டால் சொல்வேன்.

எங்கள் பட்டாளத்தில் கானாங் அனாக் லங்காவ் என்ற இபான் வீரர் இருந்தார், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான செரி பஹ்லாவான் காகா பெர்காசா பெற்றவர், 2013-ல் காலமானார். அவர் கதை நாட்டுக்குத் தெரியும், பெருமையாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கதையும் விருதுக் கதை இல்லையே. பயந்த கதை இருக்கிறது. தவறான இடத்தை ரேடியோவில் சொல்லிவிட்டு இரவெல்லாம் அழுத கதை இருக்கிறது, அது என்னுடையது. காட்டில் தீபாவளிக்கு மலாய்க்காரச் சார்ஜன் தன் ரேஷனில் வைத்திருந்த பாலையும் சீனியையும் போட்டு எங்கள் இருவருக்கும் ஏதோ ஒரு பாயசம் காய்ச்சிக் கொடுத்த கதை இருக்கிறது. இதெல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது?

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டு எழுதவில்லை. ஓய்வூதியம் வருவதற்கு முன்பே பட்டாளத்தை விட்டு வந்தவர்களின் கஷ்டம் பெரிய கஷ்டம், நானும் அதில் ஒருவன், அதற்காக வேறு பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேச வேண்டும். இந்த மடல் அதற்கில்லை. ஆட்களை அனுப்புங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்து, நாங்கள் பேசும் மொழி தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். விழா மண்டபத்துக்கு வரச்சொல்லி ஆளுக்கு ஐந்து நிமிடம் மைக்கைக் கொடுத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தமிழ் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை இந்த வேலையில் இறக்குங்கள், தாத்தாக்கள் அவர்களிடம் பேசுவார்கள். காது கேட்காதவர்கள் இருப்பார்கள், மறதி வந்தவர்கள் இருப்பார்கள், மனைவிமாரையும் கேளுங்கள், இரவில் கத்திக்கொண்டு எழுந்திருப்பதை முப்பது நாற்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டவர்கள் அவர்கள்.

அந்தப் பழைய லாக் புத்தகங்கள் எங்கேயாவது பத்திரமாக இருந்தால் எங்களையும், இறந்துபோனவர்களின் பிள்ளைகளையும் பார்க்க விடுங்கள். அரசாங்க இரகசியச் சட்டம் இருப்பது எனக்குத் தெரியும், அதை மதித்து இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு மலையில் ஒருவனுக்கு இத்தனை மணிக்குக் கால் போனது என்பதில் இன்னும் என்ன இரகசியம்? நாங்கள் நடந்த பெலும் காட்டுக்குள் இன்றைக்குப் படகு வீட்டில் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். சாலை போட்ட இயந்திரங்களைக் கொம்னிஸ்ட்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்ததும், சாலை போடுபவர்களுக்கு நாங்கள் காவல் நின்றதுமாகக் கட்டி முடித்த கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை 1982-ல் திறந்தபோது இரவில் போக முடியாது, இன்று நடுராத்திரியிலும் யானைக்கு மட்டும் பயந்துகொண்டு லோரி ஓட்டுகிறார்கள். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் பேரனிடம் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிச் சொல்வேன், அந்த மலைக்குப் பின்னால் என்று. எண் தெரிந்தால் இன்னும் சரியாகக் காட்டுவேன்.

என்னோடு பட்டாளத்தில் இருந்த நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, அதில் ஒலிப்பதிவு இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு பேசுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் முதல் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வருடமும் ஜூலை 31 வீரர் தினத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருந்தவர் அடுத்த வருடம் இருப்பதில்லை, உங்களுக்கே தெரியும்.

அதிகாரிகளுக்கு: என்னிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது, பென்சிலில் எழுதியது, மழையில் நனைந்து பாதி அழிந்துவிட்டது. அதில் இரகசியம் எதுவும் இல்லை, யாரோடு எந்த இரவில் காவல் நின்றேன் என்பது மட்டும். அதையும் தருகிறேன். கூட்டாளியின் மகளும் வருவாள், அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். வாசலில் மணி அடித்தால் எனக்குக் கேட்காது, ஹெட்செட் போட்ட காது முழுக்கப் போய்விட்டது. பின்பக்கம் சமையலறைக் கதவைத் தட்டுங்கள், என் மனைவி திறப்பார்.

இப்படிக்கு,
ரேஞ்சர் பட்டாளத்தின் முன்னாள் ரேடியோ சிப்பாய் ஒருவன்,
தைப்பிங், பேராக்